ஊசி இல்லை, பாருங்கள்!

ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலோ பெர்த்திலோ ஒரு கல்யாண விருந்துக்குப் போனால் அவர் நமக்கு முன்னமே வந்திருப்பார். விஸ்கி ஊற்றும் மேஜைக்கும் வாசலுக்கும் நடுவே, யாரும் தன்னைக் கடக்காமல் போக முடியாத இடமாகப் பார்த்து நிற்பார். சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கில்ட் என்ற மடிப்புப் பாவாடைகள், வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டுகள், முழங்கால் வரை ஏறிய வெள்ளைக் காலுறைகள். அவர் மட்டும் பாசிப்பச்சைக் கில்ட்டும், சாம்பல் நிற ட்வீட் கோட்டும், பழுப்புச் சப்பாத்துமாக, விருந்துக்கு வந்தவர் மாதிரி இல்லாமல் வேலியைப் பழுதுபார்க்க வந்தவர் மாதிரி நிற்பார். அழைப்பிதழில் ‘கறுப்பு டை’ என்று அச்சடித்திருந்ததே என்று கேட்டுவிடாதீர்கள். பார்த்தாராம். பார்த்துவிட்டுத்தான் இப்படி வந்தாராம்.

என்ன உடுத்தியிருக்கிறார் என்று அவர் சொல்லமாட்டார். என்ன உடுத்தவில்லை என்றுதான் சொல்வார்.

“ஊசி இல்லை, பாருங்கள்.”

நாம் குனிந்து பார்க்க வேண்டும். கில்ட்டின் முன்பக்கத் துணியில், வலது கீழ்மூலையில், மற்றவர்கள் வாள் வடிவத்திலும் மான் கொம்பு வடிவத்திலும் ஒரு வெள்ளி ஊசி குத்தியிருப்பார்கள். அவருடையதில் அந்த இடம் காலி. காலியான இடத்தை எவ்வளவு நேரம்தான் ரசிக்க முடியும்? நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

“குஞ்சமும் இல்லை.”

இது ஸ்போரனைப் பற்றி. இடுப்பிலிருந்து முன்பக்கம் தொங்கும் பை. வாடகைக் கடைக்காரர்கள் கல்யாணத்துக்குக் கொடுப்பது ரோமம் வைத்து, வெள்ளி வாய் கட்டி, மூன்று குஞ்சம் ஆடும் ரகம். அவருடையது வெறும் தோல். “தோளில் தொங்கும் துண்டு இல்லை. கழுத்தில் சரிகை இல்லை. பெல்ட் இல்லை. காலுறையில் கத்தி...” இங்கே ஒரு நொடி நிறுத்துவார். வலது காலுறையின் மேல் மடிப்பில் கைப்பிடி மட்டும் தெரியும்படி ஸ்கீன் டூ என்ற குறுங்கத்தியைச் செருகிக்கொள்வது வழக்கம் என்பது நமக்குத் தெரியும். நம் கண் அங்கே போகும்வரை காத்திருந்து, “இல்லை” என்பார்.

அவர் சங்கடமும் நமக்குப் புரியாமல் இல்லை. ஊசி குத்திக்கொண்டவன் பேசாமல் நிற்கலாம். அவனுக்காக ஊசி மின்னும். குத்திக்கொள்ளாதவன் என்ன செய்வான்? வாயைத் திறந்தால்தான் உண்டு. ஆகவே மணமகளின் பெரியப்பாவிடம் ஒருமுறை, பாதிரியாரிடம் ஒருமுறை, பேக்பைப் வாசிக்கிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவரிடம் ஒருமுறை என்று இல்லாதவற்றின் பட்டியலை ஒப்பித்துக்கொண்டே போவார். பேக்பைப்காரர் பாவம், குதிரைமுடி ஸ்போரனும் தோள்துண்டும் ஊசியும் கத்தியுமாக ஒன்று விடாமல் அணிந்தவர். அது அவர் தொழில். மறுபடி வாயில் குழலை வைத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு பதில் கிடையாது.

இந்த எளிமை மலிவானது என்று நினைக்கவேண்டாம். கில்ட்டுக்கு எட்டு கெஜம் கம்பளித் துணி, கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடை. அத்தனை மடிப்பும் கையால் தைத்தது. அப்படி ஒன்றுக்கு இன்று ஐந்நூறு பவுண்டுக்கு மேல் ஆகும். கோட்டுப் பொத்தான் கொம்பில் செய்தது, வெள்ளி கூடாதல்லவா? காலுறை கையால் பின்னியது. வீட்டிலே அதில் மூன்று ஜோடி உண்டு. மூன்றும் சாம்பல் நிறம். எந்தச் சாம்பல் என்று தீர்மானிப்பதற்குள் அவர் மனைவி அலங்காரம் முடித்து, காரில் உட்கார்ந்து, செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் போட்டியில் பாதியை முடித்திருப்பார்.

அவருடைய ஜன்ம விரோதி நான்காம் ஜார்ஜ் மன்னர். 1822 ஆகஸ்டில் அந்த மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஏற்பாடுகளை முன்னின்று செய்தவர் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். மன்னரின் ஹைலாண்டு என்னும் மலைநாட்டு உடுப்புக்கு மட்டும் ஆன செலவு 1,354 பவுண்டு 18 ஷில்லிங். பளீரென்ற சிவப்புக் கட்டம், தங்கச் சங்கிலி, வாள், கைத்துப்பாக்கி. கில்ட்டுக்கு அடியில் தோல் நிறத்தில் இறுக்கமான கால்சட்டை. கில்ட்டோ கட்டை. ‘கொஞ்ச நாள்தானே இருக்கப்போகிறார், அதிகம் தெரிந்தால் நமக்கு நல்லதுதான்’ என்ற பொருளில் ஒரு சீமாட்டி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். ஓவியர் டேவிட் வில்கி பிறகு படம் வரைந்தபோது காலை அழகாக்கி, அந்தக் கால்சட்டையையும் மறைத்துவிட்டார். இதையெல்லாம் நம்மவர் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்வார். இன்றைய கல்யாணக் கில்ட்களின் ஜிகினா அத்தனைக்கும் அன்றைய கூத்துதான் மூலம் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அந்த வருகைக்குப் பிறகுதான் சமவெளிப் பிரபுக்களும் வக்கீல்களும் ஆளுக்கொரு குல டார்ட்டன் கட்டத்தைத் தேடி ஓடினார்கள். நெசவாலைகளுக்கு நல்ல வேட்டை.

அவர் மெச்சும் ஒரே அரண்மனைக்காரர் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட். 1853இல் அவர் தாமே வடிவமைத்த பால்மொரல் டார்ட்டன் பெரும்பாலும் சாம்பல் நிறம். அரச குடும்பமும் அரசரின் பைப் இசைக்கலைஞரும் தவிர வேறு யாரும் உடுத்தக்கூடாது என்பது மரபு. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். தனக்கென்றே பிறந்த நிறத்தை இன்னொரு குடும்பம் வளைத்துப் போட்டுக்கொண்டதே என்ற ஆற்றாமை.

ஆனாலும் கில்ட்டை அறிந்தவர் அவர். அதை மறுத்தால் பாவம். கில்ட்டுக்குக் கீழ்விளிம்பில் தையல் கிடையாது, துணியின் கரைதான் விளிம்பு, அதனால் நீளத்தைத் தறியில் கிடந்த துணியிலேயே கணக்குப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஊருக்கு எடுத்துப்போகும்போது மடிப்பு கலையாமல் இருக்கக் கில்ட்டை நீளவாக்கில் சுருட்டி, மனைவியின் பழைய நைலான் காலுறை ஒன்றை வெட்டி அதற்குள் நுழைத்துவிடுவார். போய் இறங்கி உருவினால் இஸ்திரி போட்ட மாதிரி வரும். உட்காரும் முன் புறங்கையால் பின்மடிப்பை ஒரு தடவு தடவிச் சேர்த்துக்கொண்டு உட்காருவார். அந்த ஒரு கையசைவில் ஐம்பது வருடப் பழக்கம் தெரியும். மழை தூறும் செப்டம்பரில், பிரேமார் விளையாட்டுத் திடலில் அவர் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்க்கவேண்டும். மடிப்புகள் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து மூடும். அப்போது அவர் பேசுவதும் இல்லை.

ஒருமுறை சர்ச்சுக்குள் நுழையப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளையின் இடுப்பு வார் அறுந்துவிட்டது. கூட இருந்த நண்பர்கள் அத்தனை பேரும் கையைப் பிசைந்தார்கள். அந்தக் குஞ்சமில்லாத தோல்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தவர் இவர்தான். ஈரக் கல்தரையில் முட்டி போட்டு, பல்லால் நூலைக் கடித்து, இழுத்துப் பார்த்து, “இனி உன் பேரன் கல்யாணத்துக்கும் தாங்கும்” என்றார். எழுந்தவர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

“தம்பி, இவ்வளவு பளபளப்பு தேவைதானா?” என்று ஆரம்பித்தார். ஸ்போரன் ஒரு விரல் கீழே தொங்குகிறதாம். காலுறை பால் வெள்ளையாம். தோள்துண்டைப் பிடித்திருக்கும் வட்ட வெள்ளிப் பதக்கம் தட்டு அளவு இருக்கிறதாம். அந்தப் பையன் வாரச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாடகைக்கு எடுத்தது அது; பதக்கம் அவன் தாத்தாவுடையது. மோதிரம் மாற்றும்போதுகூட ஒரு கை அடிக்கடி பதக்கத்தை மறைக்கப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணப் படங்களில் இன்றைக்கும் அந்தக் கை அங்கேதான் இருக்கிறது.

இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஹைலாண்டு கிளர்ச்சியாளர்கள் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு, 1746இல் லண்டன் நாடாளுமன்றம் ஹைலாண்டு உடுப்புக்கே தடை போட்டது. உடுத்திப் பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் கடல்கடந்த நாடுகடத்தல். 1782இல் அந்தச் சட்டம் போய்விட்டது. பிறகு ஒருவன் தன் கல்யாணத்தில் எத்தனை குஞ்சம் கட்டிக்கொண்டால் இவருக்கு என்ன? சரிகை வைத்துக்கொண்டவர்கள் யாரும் இவரிடம் வந்து, ‘உங்கள் கோட்டில் ஏன் ஒன்றுமே இல்லை?’ என்று கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் தேவலை.

சமீபத்தில் அவர் ஸ்போரனையும் விட்டுவிட்டார். ஊசி, குஞ்சம், துண்டு, சரிகை, பெல்ட், கத்தி எல்லாம் போன பிறகு கழிப்பதற்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. இதில் ஒரு சின்னச் சிக்கல்: கில்ட்டுக்குப் பை கிடையாது. ஆகவே பர்ஸ், கைபேசி, மூக்குக்கண்ணாடி, கார்ச் சாவி, அந்த ஊசி நூல் எல்லாம் இப்போது மனைவியின் கைப்பைக்குள். பழைய கைப்பை போதாமல் அந்த அம்மாள் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். செக்கச்செவேலென்று பெரிய பை. உள்ளங்கை அகலத்துக்குத் தங்கநிறக் கொக்கி. ஓரத்தில் இரண்டு குஞ்சம். அவர் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவி அதற்குள் இருக்கிறது.