ஃப்ளாஷ் அண்ணாச்சி

நாகர்கோவிலில் பழசைக் கைவிடாதவர்கள் பல வகை. யெஸ்டி பைக்கை விடிகாலையில் உதைத்து உதைத்து ஊரையே எழுப்புகிறவர் ஒரு வகை. பேசாத வால்வு ரேடியோவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனப் பொட்டு வைக்கிறவர் இன்னொரு வகை. இவர்களெல்லாம் கரையோடு நின்றுவிடுகிறவர்கள். இந்தக் குலத்தில் அபூர்வமான ஒரு கிளை கடலுக்கடியிலும் போகிறது. ஃபிலிம் காலத்து ஸ்ட்ரோபை, அதாவது கடலடி ஃப்ளாஷை, டிஜிட்டல் கேமராவோடு கோத்துக்கொண்டு மீனைத் தேடிப் போகும் கிளை. அப்படிப் போகிறவருக்கு ஊர் வைத்த பேர், ஃப்ளாஷ் அண்ணாச்சி.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனிக்காக முக்குளித்தவராக இருப்பார். கூட வேலை பார்த்தவர்கள் செண்டு பாட்டிலும் டூ-இன்-ஒன்னும் சுமந்து வந்தபோது, இவர் மட்டும் நிக்கோனாஸ் என்ற கடலடிக் கேமராவும் அதன் ஸ்ட்ரோபுமாக வந்து இறங்கியிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்காது. கேமராவுக்குள் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் ஓ-ரிங் இருக்கும். மல்டிமீட்டர் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். அங்கே யாராவது பழைய ஸ்டுடியோ ஃப்ளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டப்போனால் பாய்ந்து தடுப்பார். அவற்றில் சிலவற்றின் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், சில டிஜிட்டல் கேமராக்கள் அதைத் தாங்காது என்று விளக்கி முடிப்பதற்குள் தாலி கட்டு முடிந்திருக்கும்.

நிக்கோனாஸ் வரிசையை நிகான் 2001-லேயே நிறுத்திவிட்டதே என்று கேட்டால், "கம்பெனிதானே ஓய் நிறுத்திச்சு? நானா நிறுத்தினேன்?" என்பார்.

ஸ்ட்ரோப் எதற்கு, வெயில் போதாதா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. தண்ணீர் முதலில் தின்பது சிவப்பைத்தான். ஐந்தாறு மீட்டர் இறங்குவதற்குள் அது பெரும்பாலும் காணாமல் போய்விடும், பிறகு செக்கச்செவேலென்ற மீனும் சாம்பல் நீலமாகத்தான் தெரியும் என்று தொடங்குவார். அங்கிருந்து பிரான்சுக்குப் போவார். 1893-ல் லூயி பூத்தான் கடலடியில் படம் எடுக்கக் கிளம்பியபோது, பீப்பாய்க்கு மேல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி அதில் மக்னீசியம் பொடியை ஊதி வெளிச்சம் உண்டாக்கினாராம். மின்னணு ஃப்ளாஷைப் படக்கலைக்குள் கொண்டுவந்த ஹெரால்டு எட்ஜெர்ட்டனை, கடலாய்வாளர் கூஸ்டோவின் கப்பலில் இருந்தவர்கள் 'பாப்பா ஃப்ளாஷ்' என்றே கூப்பிட்டார்களாம். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துவார். 'பாப்பா ஃப்ளாஷ்', 'ஃப்ளாஷ் அண்ணாச்சி' என்று பரம்பரையை நாமாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

புதுக் கேமராவோடு பழசு ஒத்துப்போகுமா என்று கேட்பவர்களை உட்காரவைத்து, மட்டிப்பழம் தந்து, பாடம் நடத்துவார்.

"ஃபிலிம்ல பட்டுத் திரும்புற வெளிச்சத்தை கேமரா அந்த நேரத்துலயே அளந்துக்கிட்டு இருக்கும், கேட்டீரா? போதும்னு பட்டா ஸ்ட்ரோபை நிறுத்திப்போடும். டிடிஎல்ங்கது அதுதான். டிஜிட்டல் சென்சாரு ஃபிலிம் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பாது. அதனால புதுக் கேமரா, முதல்ல சின்னதா ஒரு வெட்டு வெட்டச் சொல்லி ஆழம் பாக்கும். பெறகுதான் நெச வெட்டு. நம்ம பழசு வெள்ளந்தி. முத வெட்டைப் பாத்ததுமே கையில உள்ளதை எல்லாம் அள்ளிக் குடுத்துரும். ஷட்டர் தொறக்கும்போது கஜானா காலி."

"அப்போ என்ன செய்ய அண்ணாச்சி?"

"கேமராவையும் ஸ்ட்ரோபையும் பேச விடப்பிடாது. ரெண்டையும் மேனுவல்ல வச்சுக்கிடணும். வெளிச்சத்தை நாம அளக்கணும். அந்தக் காலத்துல 36 படமும் கழுவி வாறது வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டு கெடக்கும். இப்போ அடிச்ச உடனே பின்னால பாத்துக்கிடலாம். இருட்டா, ஒரு ஸ்டாப் தொற. வெளுத்துப்போச்சா, ஸ்ட்ரோபைத் தள்ளிப் பிடி. பெறகு எதுக்கு ஓய் டிடிஎல்லு?"

இதில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடிந்ததில்லை. ஒரே சிக்கல், மூன்றாவது படம் வரைக்கும் மீன் காத்திருக்க வேண்டும். ஆகவே அண்ணாச்சியின் ஆல்பத்தில் நகராத ஜீவன்களே மிகுதி: கடல் சாமந்தி, நட்சத்திர மீன், பாறையில் ஒட்டிய சிப்பி. தப்பித்தவறி ஒரு களவா வந்து சிக்கினால், தண்ணீரிலுள்ள தூசியெல்லாம் வெளிச்சத்தில் பூத்துப் படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக நிற்கும். "மீனுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று மச்சினன் கேட்ட நாளிலிருந்து, ஸ்ட்ரோபை லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காமல் நீளக் கையில் விலக்கிப் பிடிக்கிறார். அதற்கான அலுமினியக் கை, சவுதியிலிருந்து வந்த டி.வி. ஆன்டெனாவின் உறுப்பு.

கடலுக்குள் இறங்குவது என்னவோ கடல் அடங்கும் தை, மாசியில்தான். கடியப்பட்டணம் பாறைகளில் ஒற்றை மூச்சில் முங்கிச் சிப்பி பெயர்க்கிற இளைஞர்கள், ஒரு பை நிறைத்துக்கொண்டு மேலே வந்து பார்த்தால், அண்ணாச்சி இன்னும் கரையில் ஓ-ரிங்குக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். தலைமுடி ஒன்று ஓ-ரிங்கில் கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும் என்பது அவர் வேதம். கிரீஸ் தீர்ந்த அன்றைக்குத் தேங்காயெண்ணெய் எடுத்து நீட்டிய அத்தையிடம் அவர் ஒரு வாரம் பேசவில்லை.

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும். அண்ணாச்சியின் மெயின்டனன்ஸ் சீசன் பிறந்துவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கெப்பாசிட்டரை எடுத்ததும் முழுவேகத்தில் விரட்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்று, ராத்திரி மொட்டைமாடி அறையில் ஸ்ட்ரோபை வெட்டிக்கொண்டே இருப்பார். மின்னல் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் டி.வி. வயரைப் பிடுங்கிவிட்டு, இடிக்காகக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதெல்லாம் சிக்கனம் கருதித்தான் என்று அண்ணாச்சி உளமார நம்புகிறார். சிங்கப்பூரிலிருந்து தருவித்த ஐந்து முள் கேபிள், கேபிளுக்கு அடாப்டர், அடாப்டருக்குக் கஸ்டம்ஸ், பச்சை பூத்த பேட்டரி முனைக்குப் பூச்சு என்று கணக்கெழுதினால் புது ஸ்ட்ரோபே வந்திருக்கும். "அது வேற கணக்கு" என்று நோட்டை மூடிவிடுவார். புது ஸ்ட்ரோபைப் பிரித்துப் பார்க்க முடியாது, பிரித்தாலும் ஒன்றும் புரியாது. பழசில் எந்த வயர் எங்கே போகிறது என்று அவருக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். பணம் போனது அந்த ருசிக்குத்தான்.

போன வாரம் குளச்சலில் யாரோ அதே மாடல் ஸ்ட்ரோப் ஒன்றை ஆக்கர் கடையில் எடைக்குப் போடப்போவதாகச் சேதி வந்தது. அண்ணாச்சி போனைக் கீழே வைக்கவில்லை.

"தண்ணி கேறினதா? எரியாதா? ஒண்ணும் பிரச்சினை இல்ல தம்பி. உதிரி பாகத்துக்கு ஆவும். யாருக்கும் குடுத்துரப்பிடாது!"

அடுக்களையிலிருந்து அண்ணாச்சியின் மனைவி குரல் வந்தது: "அப்பிடியே உதிரி பாகத்துக்கு அங்க ஒரு மாப்பிளையும் கெடப்பாரான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."