பிரியாணியும் அம்மாவும்

கேள்வி: ராத்திரி பதினொன்றரைக்கு 'பிரியாணிக்குப் பாதி விலை' என்று போன் கத்துகிறது. சைலன்ட்டில் போட்டால் ஊரிலிருக்கும் அம்மாவின் அழைப்பும் கேட்பதில்லை. என்ன செய்ய?

பதில்: பிரியாணிக்கும் அம்மாவுக்கும் ஒரே கதவைச் சாத்துவானேன்?

2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், செயலிகள் தங்கள் அறிவிப்புகளை வகை பிரித்து அனுப்ப வேண்டும். அடுத்த முறை தள்ளுபடிச் செய்தி வரும்போது தள்ளிவிடாமல், அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அமைப்புகளுக்குள் போனால் விளம்பரம், ஆர்டர் நிலவரம் என்று தனித்தனி பொத்தான்கள் தெரியும். முதலாவதை அணைத்தால் போதும்; சாப்பாடு கிளம்பிவிட்டது என்ற தகவல் வழக்கம்போல் வரும். சில செயலிகள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகின்றன. அது பச்சை அநியாயம். அவற்றை முழுசாகவே அணைத்துவிடலாம்.

அம்மாவுக்கு வேறு வழி. தொடர்புப் பட்டியலில் அவர் பெயருக்கு நட்சத்திரம் போட்டு, 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் நட்சத்திரக்காரர்களின் அழைப்பை அனுமதியுங்கள். ஊர் உறங்கும் நேரத்திலும் அவர் அழைத்தால் மணி அடிக்கும். ஐபோனில் இன்னொரு வசதியும் உண்டு: ஒரே எண்ணிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால், அதை அவசரமாகக் கருதி ஒலிக்கவிடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவா? எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று விதமாக அதன் ஒலியை நிறுத்தலாம். சித்தப்பாவுக்குத் தெரியவே தெரியாது.