மேடா, பள்ளமா?

பம்மலில் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் நாலு வீடு தள்ளி ஒரு லென்ஸ் சார் இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பேன்ட் பையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு குட்டித் தராசு. கடையில் மீதிச் சில்லறை கொடுத்தால் ஊரெல்லாம் எண்ணிப் பார்க்கும். இவர் புரட்டிப் பார்ப்பார். மூன்று ரூபாய் குறைந்தாலும் கண்ணில் படாது. ஒற்றை ரூபாயில் சிங்கத்தின் பிடரி ஓரம் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்துவிட்டால், பின்னால் பால் பாக்கெட்டுக்கு நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அவர் தேடுவது தப்பு. அதுவும் அரசாங்கத்தின் தப்பு. மின்கட்டணத்தில் பத்து ரூபாய் கூடிவிட்டால் மனு எழுதுகிறவர், ஆதார் அட்டையில் அப்பா பெயரில் ஓர் எழுத்து பிசகியதற்காக ஒரு கோடை முழுக்க அலைந்தவர், அதே அரசாங்கம் காசில் செய்த தப்புக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு ஆல்பத்தில் இடம் கொடுத்திருக்கிறார். ஒரே நிபந்தனை: தப்பு மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நோய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளில் ஒன்றின் மதில் சுவருக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். வெளியே வந்தபின் நடந்த எதுவும் தப்பில் சேர்த்தியில்லை. அது வெறும் அடி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தர்பார் கூடும். இடம், அபார்ட்மெண்ட் படிக்கட்டுக்குக் கீழே, பைக்குகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யூடியூபில் எவனோ ஒருவன் வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை சொல்லியிருப்பான். மறுநாளே அந்தக் காசோடு நாலு பேர் வந்துவிடுவார்கள். 2012-இல் ஏராளமாக அச்சடித்து விட்ட நினைவு நாணயம் அது. பழைய காசை வாங்குகிறோம், விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. சார் அதைப் பிரின்ட் எடுத்து மீட்டர் பெட்டிமேல் ஒட்டியிருக்கிறார். வருகிறவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் விலை கேட்கிறார்கள்.

“சார், இதுல வருஷத்துக்குக் கீழ முத்திரையே விட்டுப்போச்சு. எரர்தானே?” என்பார் ஆட்டோக்காரர்.

“நோய்டான்னா புள்ளி, ஐதராபாத்னா நட்சத்திரம், பம்பாய்னா வைரம். ஒண்ணுமே இல்லேன்னா கல்கத்தா. அவங்க முத்திரை போடறதில்லப்பா.”

“அப்போ கல்கத்தாக்காரன் பண்ணது எல்லாமே எரர்தானா?”

இப்படிக் கேட்கிறவர்களுக்கு சாரிடம் பதில் கிடையாது. டீ மட்டும் உண்டு.

அவருடைய சாஸ்திரத்துக்கு ஒரே சூத்திரம்தான்: “மேடா இருந்தா மிண்டு, பள்ளமா இருந்தா பஜாரு.” இதைச் சொல்லும்போது குரலில் ஒரு வாத்தியார் ஏறிக்கொள்வார். காசை அடிக்கும் எஃகு அச்சு, அடித்து அடித்து ஒருநாள் விரிசல் விடும். அடுத்து வரும் வில்லையின் உலோகம் அழுத்தத்தில் அந்த விரிசலுக்குள்ளும் புகுந்து நிரம்பும். அதனால் காசின்மேல் விரிசல் ஒரு மேட்டுக் கோடாக எழும்பி நிற்கும். சாவியோ சிமெண்டுத் தரையோ போடும் கோடு உள்ளே இறங்கும். ஆகவே நகத்தால் நெருடிப் பார்த்தாலே பாதித் தீர்ப்பு வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் லென்ஸ்.

போன மாதம் ஒரு பையன் ஓரம் கடித்த ஒரு ரூபாய் கொண்டுவந்தான். மாலைப்பிறை மாதிரி அழகான கடி. பையனின் கண்ணில் ஏற்கெனவே ஒரு புல்லட் ஓடிக்கொண்டிருந்தது. சார் கடித்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பில் லென்ஸை வைத்தார். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டுக்கத்தி ஏறினால் இப்படிக் குறைப்பட்ட வில்லை விழும். அச்சுக்குப் போகுமுன் வில்லையை உருட்டி, விளிம்பை மேடாக்குகிற எந்திரம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் குறைந்திருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அங்கே விளிம்பு மழுங்கியே இருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். பையனின் காசில் எதிர் விளிம்பு முகூர்த்தப் பட்டுக் கரைபோலக் கம்பீரமாக இருந்தது. கடித்த இடத்தில் எழுத்துகள் பாதியில் கத்தரித்து நின்றன. ஓரத்தில் அரம் ராவிய பிசிறு.

“எந்த ஒர்க்‌ஷாப்ல ராவின?”

“மாமா கடையில சார்.”

“காசை உருக்கினாலோ அழிச்சாலோ குத்தம். 2011 நாணயச் சட்டம். தெரியுமா?”

பையன் காசை விட்டுவிட்டு ஓடினான். சார் அதைத் தராசில் வைத்தார். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம் இருக்க வேண்டும். எவ்வளவு குறைகிறது என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பல்லாவரம் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு ஆடி மாதத்துக் கூழ் மாதிரி அளவில்லாமல் வரும். அச்சடிக்கும்போது சுற்றிப் பிடிக்கும் வளையம் நழுவியதால் அகன்ற காசும் அகலமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் எழுத்து கூர்மையாக நிற்கும். ரயில் ஏறியதில் சிங்கங்கள் கன்னம் இழுபட்டுப்போயிருக்கும். தோல் ஷெட்டில் ரசாயனத்தில் கிடந்து கருத்தது, சாமி படத்தின் முன் மஞ்சளில் ஊறியது எல்லாவற்றையும் ஒரே பெருமூச்சில் தள்ளிவிடுவார்.

அவர் உயிரை விடுவது ‘லக்கி’க்கு. அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் போய் மோதும். அந்தக் காசில் ஒரு பக்கம் சிங்கம் நேராக. மறுபக்கம் அதே சிங்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, உள்ளே குழிந்து. வைஸில் இரண்டு காசை வைத்து இறுக்கி இதைப் போலியாகச் செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறந்துபோவது, அடியிலிருக்கும் பழைய எழுத்து முழுசாக அழியாது என்பதை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இவரைக் கண்டதும் காசு வியாபாரிகள் துணியை மடிப்பார்கள். நடுவில் ஓட்டை போட்ட ஓட்டைக் காலணா, 1943 முதல் 1947 வரை வந்தது. அதில் ஓட்டை சற்று ஒதுங்கியிருந்தால் சார் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார், வியாபாரம் நடக்காது. இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லை எடுத்து, இது தானாக உடைந்ததல்ல, மனிதன் கை பட்டது என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்து தொடங்குகிறது. சாரும் அதே வேலையைத்தான் செய்கிறார். கணக்கு மட்டும் தலைகீழ்: மனிதன் கை பட்டது தெரிந்தால் விலை போச்சு.

இந்தப் புத்தி காசோடு நின்றால் பரவாயில்லை. பக்கத்து ஃபிளாட்டில் வரன் பார்த்துவிட்டு வந்தால், “பையனுக்குக் கோபம் பிறவியா, பின்னாடி வந்ததா?” என்பார். எங்கள் கட்டடத்தின் படிச்சுவரில் நீளமாக விரிசல் விட்டபோது அசோசியேஷனே பில்டரோடு சண்டைக்கு நின்றது. சார் வந்தார், நகத்தால் நெருடினார். “பள்ளம். குடிவந்தப்புறம் ஆனது.” பில்டர் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். செயலாளர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

சாரின் மனைவிக்கு ஆல்பத்தைப் பற்றித் தெளிவான கருத்து உண்டு: சில்லறை அவசரத்துக்கு உதவும். மையம் விலகி அச்சான இரண்டு ரூபாய், பாதிச் சிங்கமும் மீதி வெறும் தகடுமாக, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. தர்பாரில் எல்லாருக்கும் தரிசனம் காட்டும் காசு. ஒரு காலை சார் குளிக்கப் போயிருந்தபோது அது முளைக்கீரைக் கட்டோடு சேர்ந்து கணக்குத் தீர்க்கப் போனது. ஈரத் துண்டோடு சார் படியிறங்கி ஓடிவந்து பார்க்கையில், கீரைக்காரம்மா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் தேய்த்து, மாமியின் கையிலேயே திணித்துக்கொண்டிருந்தார்.

“நசுங்கின காசையெல்லாம் என் தலையில கட்டாதக்கா. ஜிபே பண்ணு.”