ஐந்தடிக்கும் ஏழடிக்கும் நடுவே: கார் ஷெட் பரண் பற்றி ஓர் ஆய்வு

அம்பாசடர் காரின் உயரம் ஏறத்தாழ ஐந்தேகால் அடி. மேற்கு மாம்பலத்துப் பழைய வீடுகளில் அதற்குக் கட்டிய ஷெட்டோ, வீட்டின் களைக்குக் குறைவு வரக்கூடாதென்று, பதினோரு அடி உயரத்தில் ஓடு வேய்ந்து நின்றது. கழித்தால் மிச்சம் ஐந்தே முக்கால் அடி. தமிழாய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பாராத இந்த ஐந்தே முக்கால் அடியே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வு எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று. 2003 பிப்ரவரி முதல் பதினோரு மாதம் ஆய்வாளர் அதற்குள்ளேயே குடியிருந்தார். ஏன் பதினொன்று என்று கேட்பவர் வாடகைக்கு இருந்திராதவர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அன்றிலிருந்து வாடகைதாரனின் ஆண்டுக்கு மாதம் பதினொன்றுதான்.

பரண் என்பது பழைய சொல். தினைப்புனத்தில் கிளி ஓட்டுபவர்கள் ஏறி நின்றது பரண். வள்ளி நின்றதும் அதில்தான். அவளைப் பார்க்க முருகனே தேடி வந்தான். அந்தப் பரணுக்குக் கூரை தாழ்வாக இருந்ததாகவோ, முருகன் தலையில் இடித்துக்கொண்டதாகவோ குறிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆகவே காட்டுப் பரணும் வீட்டுப் பரணும் பெயரளவில்தான் உறவு.

இனி கட்டுமானம். ஆறரை அடி உயரத்தில் பழைய தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கே கொடுத்து, மேலே கடப்பா கல் பாவினால் அது பரண். வீட்டுக்கார மாமா காரை விற்ற பிறகு, ஓட்டைப் பிரித்து, சுவரைக் கொஞ்சம் உயர்த்தி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார். வெளியே ஒரு இரும்பு ஏணிப்படி. மழைநீர் வழிய வேண்டுமே என்று ஷீட்டைச் சரித்ததில், வாசல் பக்கம் உள்ளுயரம் ஏழடி, கொல்லைப் பக்கம் ஐந்தடி. நீளம் 18 அடி, அகலம் 10 அடி.

இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, 1.5 மீட்டர் உயரம் வரை உள்ளது பரண்; சாமான் போட மட்டும். இடைத்தளம் என்று பெயர் பெறக் குறைந்தது 2.2 மீட்டர் வேண்டும். மனிதர் வாழும் அறைக்கு 2.75. மாமாவின் ஐந்தடி என்பது 1.52 மீட்டர், ஏழடி என்பது 2.13. அதாவது பரணுக்கு மேலே, இடைத்தளத்துக்குக் கீழே, சட்டம் பெயர் வைக்க மறந்த இடுக்கில் இரண்டு அளவும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருந்தன. மாமா விதித்தொகுப்பைப் படித்தவரல்ல. கொத்தனார் நிச்சயமாக இல்லை. பரப்பளவில் மட்டும் குறை சொல்ல முடியாது: வாழும் அறைக்கு 9.5 சதுர மீட்டர் போதும் என்கிறது விதி, இங்கே இருந்ததோ அதைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு. பரப்பில் விதி தோற்றது; உயரத்தில் நான் தோற்றேன்.

சட்டம் பெயர் வைக்காததை மாமா பார்த்துக்கொண்டார். மாநகராட்சி வரிக்கு அது ஷெட். உறவினர்களிடம், "மேலே ஒரு பையன் தங்கியிருக்கான்." இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அது முதல் தளம். கேட்டில் தொங்கிய டு-லெட் போர்டில், தனி வழியுடன் கூடிய மாடி போர்ஷன். கடப்பா கல் அதே கல்தான், தண்டவாளம் அதே தண்டவாளம்தான். பரணைக் கட்டுவது கொத்தனார், அதைப் போர்ஷனாக்குவது போர்டு எழுதுகிறவர் என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

வாடகை 1,200; அட்வான்ஸ் பத்து மாதம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்பதை எழுதியவர் மாமாவை நேரில் சந்தித்திருக்க வேண்டும்.

என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். கணக்குப்படி வாசலிலிருந்து பன்னிரண்டு அடி வரை நான் நிமிர்ந்த மனிதன், அதற்கப்பால் ஆறடி குனிந்த மனிதன். ஸ்டவ் வைக்கும் மேடை அந்த ஆறடிக்குள் இருந்தது. மின்விசிறி தொங்கவிட வழியில்லாததால் டேபிள் ஃபேன். மூன்று மாதத்தில் குனிவு உடம்போடு ஒட்டிக்கொண்டது. தெருவில், ஆபீசில், தியேட்டர் வாசலில் எல்லாம் என் கழுத்து தானாகத் தாழ்ந்தது. "ரொம்ப அடக்கமான பிள்ளை" என்று மாமி எதிர்வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மேனேஜருக்கும் அதே அபிப்பிராயம். நான் பணிவுக்காகப் பெயரெடுத்த ஒரே ஆண்டு அதுதான்.

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. சென்னை கண்ட உச்ச வெப்பம். அவர்கள் அளந்தது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த வெப்பமானியில். என் ஷீட்டுக்குக் கீழே அளக்க யாரும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் என்பது உறையக்கூடிய பொருள் என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. தண்ணீர்ப் பஞ்சமும் அதே வருஷம்தான். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, ஏணிப்படியில் பதினாலு படி ஏற்றிப் பார்த்தால்தான் ஆறரை அடி எவ்வளவு உயரம் என்பது தெரியும்.

பரண் குடியிருப்பாக மாறினாலும் பரணின் பழைய குடிகள் காலி செய்வதில்லை. இதை நான் பிந்தித்தான் அறிந்தேன். கொல்லைப் பக்க மூலையில் ஒரு பித்தளை அண்டா, மரத்தொட்டில், ஒரு காதில்லாத ஆடுகுதிரை, பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள், இரண்டு தகர டிரங்குப் பெட்டி. ஒப்பந்தத்தில் இவை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போறது" என்றார் மாமி. அண்டா எனக்கு மூத்த வாடகைதாரர்; வாடகை தராதவர். தொடர்கதைகளில் மூன்றைப் படித்தேன். மூன்றிலும் கடைசி அத்தியாயம் இல்லை.

நவராத்திரி வந்தபோது டிரங்குப் பெட்டிகளின் உரிமை நிலைநாட்டப்பட்டது. மாமியால் ஏணிப்படி ஏற முடியாது. கீழே நின்று, "தசாவதாரம் இருக்கிற பெட்டியை மட்டும் இறக்கிக் குடுங்கோ, தம்பி" என்றார். எந்தப் பெட்டியில் தசாவதாரம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய வேட்டித் துணி சுற்றியிருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது கூர்மமா, இல்லை வெறும் ஆமையா என்று ஜன்னல் வழியே கேட்டுக் கேட்டு இறக்கினேன். பத்து நாளும் சுண்டல் மேலே வந்தது. ஆய்வாளர் நடுநிலை தவறியிருந்தால் அதற்குச் சுண்டலே பொறுப்பு.

டிசம்பர் கடைசியில் காலி செய்தேன். மாமா மேலே வந்து கணக்குப் பார்த்தார். வெள்ளையடிக்க ஒரு தொகை கழிந்தது, அது மரபு. அப்புறம் வாசலிலிருந்து ஒன்பதாவது அடியில் ஷீட்டில் இருந்த விரிசலைக் காட்டி, அதற்கு முன்னூறு ரூபாய் என்றார். என் தலை பட்டதுதான் காரணமாம். நான் பதினோரு மாத ஆய்வின் பலத்தோடு நின்றேன். அந்த இடத்தில் ஷீட்டின் உயரம் ஆறடி, என் உயரத்தைவிட நாலு அங்குலம் அதிகம், ஆகவே தலை படவே படாது என்று டேப் வைத்து அளந்தும் காட்டினேன்.

மாமா டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சட்டை போட்டுக்கறச்சே கையைத் தூக்குவேளோல்லியோ?"

இக்கூற்றுக்கு மறுப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. முன்னூறு ரூபாயும்தான்.