மூக்கை அளக்க வந்த துரை

சேலம், நாமக்கல் பக்கம் பழைய புத்தகம் சேர்க்கும் கிறுக்கு பிடித்தவர் யாராவது அகப்பட்டால், “தர்ஸ்டன் செட் ஒண்ணு வந்திருக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். 1909-ல் மெட்ராஸ் அரசு அச்சகம் போட்ட ஏழு தொகுதிகள். தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் ஆங்கில அகரவரிசையில் நிற்க வைத்து, நடுநடுவே போட்டோவும் ஒட்டிய மகா அட்டவணை. அதைப் புரட்டுகிறவர் விலையைப் பிறகுதான் கேட்பார். முதல் கேள்வி, “நம்மாளுங்க எந்த வால்யூம்ல வர்றாங்க?” என்பதுதான். ‘கே’ எழுத்துக்காரர்களுக்கு யோகம். கைக்கோளர், கம்மாளர், கள்ளர், குறவர் என்று மூன்றாம் தொகுதி முழுக்க அவர்கள்தான். அதிலும் இடம் போதாமல் நான்காவதில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எட்கர் தர்ஸ்டன் மருத்துவம் படித்தவர். 1885-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக வந்தார். கொஞ்ச காலம் நாணயம், கொஞ்ச காலம் முத்துச்சிப்பி. பிறகு மனிதர்கள் மேல் கண் விழுந்தது. 1894-ல் வங்காள ஆசியச் சங்கத்திடம் அளவைக் கருவிகளை இரவல் வாங்கிக்கொண்டு நீலகிரி ஏறினார். இரவல் கருவியில் தொடங்கிய வேலை ஏழு தொகுதியில் போய் முடிந்தது.

வேலை என்ன? மூக்குதான். ஆளை உட்கார வைத்து, இடுக்கி போன்ற கருவியின் இரண்டு முனையையும் மூக்கின் இரு பக்கமும் வைத்து அகலம் பார்ப்பது. புருவ நடுவிலிருந்து கீழே நீளம் பார்ப்பது. அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் அதுதான் அந்த ஆளின் ‘மூக்கு எண்’. நீளம் 5, அகலம் 4 என்றால் 80. எண் ஏற ஏற ஆள் கீழ்ப்படி, இறங்க இறங்க மேல்படி என்று நம்பிய படித்தவர்கள் அன்றைக்கு நிறைய இருந்தார்கள். ஜலதோஷம் பிடித்த நாளில் அளந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அளவு கொடுக்க வேண்டியவர்களுக்குத்தான் சந்தேகம். அவர்கள் பட்ட பயங்களைத் தர்ஸ்டனே சிரித்துக்கொண்டு முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்லவர்களாகப் பொறுக்கிப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று ஓடினார்களாம். பழைய வழக்கு ஒன்றில் தேடப்பட்ட ஓர் இருளர், உயரம் பார்க்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி நிற்க மறுத்தாராம்.

நம் சேர்வராயன் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலையில் வாழும் பழங்குடிகள்) பயந்தது வேறு. துரை தங்கள் நிலத்தை சர்க்காருக்கு எழுதிக்கொண்டு, தங்களை அந்தமானுக்குக் கப்பலேற்றப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சாம். அந்த முன்னுரையிலேயே மிகவும் விவரமான ஆட்கள் இவர்கள்தான் என்பேன். ஏற்காட்டில் எந்தப் பெரியவரோ கூட்டத்தில் இப்படிக் கேட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு: “மண்ண அளந்தான், காப்பித் தோட்டமாச்சு. மரத்த எண்ணுனான், ரிசர்வ் காடாச்சு. இப்ப மூக்க அளக்கறான். சும்மாவா அளப்பான்?”

கற்பனை நம்முடையது, கணக்கு சரிதான். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களிலேயே மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்துவிட்டார். பின்னாலேயே தோட்டக்காரத் துரைகள். 1882-ல் மெட்ராஸ் வனச்சட்டம். அந்தமானில் 1858 முதல் கைதிகள் குடியேற்றம். இவ்வளவையும் பார்த்தவனுக்கு, அளவுகோலோடு மலையேறும் சர்க்கார் ஆளிடம் சிரித்துப் பேச மனசு வருமா? போதாக்குறைக்கு, ஆளை அளந்து அடையாளம் வைக்கும் வித்தையைத் தர்ஸ்டன் சென்னையில் போலீஸ்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்!

தாங்கள் யார் என்பதற்கு மலையாளிகளிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர், சேர்வராயன், கொல்லி, பச்சை என்று ஆளுக்கொரு மலை. முடிந்தது. ஒரு மூக்கையும் தொட வேண்டியதில்லை. அதையும் விடாமல் எழுதி வைத்தார்கள் என்பது தர்ஸ்டனுக்கும் அவருடைய உதவியாளர் ரங்காச்சாரிக்கும் சேரவேண்டிய பெருமை. நூறு வருஷம் கழித்து இந்தத் தொகுதிகளைப் படிக்க வைப்பவை அந்தக் கதைகளும் சடங்குகளும் படங்களும்தான். மூக்குப் பட்டியலை இப்போது யாரும் சீந்துவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு தர்ஸ்டன் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் போய், அங்குள்ள மரம் செடிகளைப் பற்றி 1930-ல் ஒரு புத்தகம் எழுதினார். மரத்துக்கு ஓடத் தெரியாது, அந்தமான் பயமும் கிடையாது. 1935-ல் காலமானார்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய படப் புத்தகங்களில் படத்தை மட்டும் கிழித்து, சட்டம் போட்டுத் தனியாக விற்கும் பாவிகள் உண்டு. பணம் கொடுக்கும் முன் படப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகச் சரிபாருங்கள். சேலத்துக்காரர் என்றால் நான்காம் தொகுதியை விடாதீர்கள், மலையாளிகள் அதில்தான் இருக்கிறார்கள். படிக்க மட்டும் வேண்டுமென்றால் அசலுக்கு அலைய வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் க. ரத்னத்தின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே வெளியிட்டிருக்கிறது. ஆங்கிலம் இணையத்தில் இலவசம்.