வேகம் விற்பனைக்கு

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1: சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம். மதுரையிலிருந்து 450 கி.மீ. போய் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்கு ஒரு ‘விர்ர்’. திரும்புவதற்குள் கார் இல்லை. அடுத்த சுற்றுவரை தார்ச்சாலை தரிசனம்தான். யார் முன்னால் என்று பக்கத்து சீட்டில் கேட்டால், அவரும் செல்போனில் நேரலை பார்த்துக்கொண்டிருப்பார்!

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் அப்படித்தானே? நேரில் போனவருக்கு முன்வரிசைக்காரரின் முதுகு, டிவிக்காரருக்குக் காளையின் திமில்.

என்ன இருந்தாலும் டிவியில் அந்த இரைச்சலும் நடுக்கமும் வராது என்பீர்கள். நியாயம். அதற்கு மதுரை மாட்டுத்தாவணியில் தனியார் பஸ் கிளம்பும் நேரம் சாலையோரம் நில்லுங்கள். டிக்கெட் கிடையாது, ஹெல்மெட் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.