செவ்வயர்ச் சுற்றியல்: சிறு இன்ஜினில் மலிவு ஆர்பிஎம் மீட்டர் பொருத்துவது குறித்து

1. பொருள்

ஆர்பிஎம் மீட்டர் என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணிச் சொல்லும் கருவி. இங்கு ஆராயப்படுவது ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சிறு திரை, ஒரு சிவப்பு வயர் ஆகிய மூன்றும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வகை.

2. களம்

நீலகிரியின் கிளென்மார்கனில் சுழற்சி இருவகைப்படும். இங்கிருந்து 900 மீட்டருக்கும் கூடுதலாகக் குழாயில் இறங்கும் நீர், கீழே சிங்காராவில் உள்ள பைக்காரா மின்நிலையத்தை 1932 முதல் சுழற்றி வருகிறது. அந்தச் சுழற்சி 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டது. மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷின், பிரஷ் கட்டர், பவர் ஸ்பிரேயர் ஆகியவை காதுக்கு மட்டுமே கட்டுப்பட்டவை.

காது இங்கே போதாது. 2000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைப் போல ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் செட் செய்த கார்பரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும்; பிளக் கறுக்கும். அதைக் குறைக்க ஸ்க்ரூவைத் திருகினால் சத்தம் கணீரென்று வரும். அளவு மீறிக் குறைத்தாலும் இன்னும் கணீரென்றுதான் வரும், பிஸ்டன் பிடிக்கும்வரை.

3. மூலநூல்

இத்துறையின் ஒரே மூலநூல் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள். இதை இனி ‘மடிதாள்’ என்க. ஆசிரியர் பெயர் இல்லை, காலம் இல்லை, வினைமுற்றும் பல இடங்களில் இல்லை. ஆகவே செம்மொழித் தகுதிக்கு வேண்டியவை பெரும்பாலும் உள்ளன.

4. பெட்டியின் நிறம்

கறுப்பு.

5. சுற்று

சிவப்பு வயரைப் பிளக் வயரின் மேல் 3 முதல் 5 சுற்றுச் சுற்றுக என்பது மூலம் (மடிதாள், படம் 2). ‘முதல்’ என்ற சொல்லால் மூன்று பள்ளிகள் பிறந்தன. மூன்று சுற்றுவோர் மூவர். நான்கு சுற்றுவோர் நால்வர். ஐந்து சுற்றுவோர் ஐவர். பெயர் ஒற்றுமை கண்டு இவர்களைத் தேவாரத்திலோ பாரதத்திலோ தேட வேண்டாம்.

மூவர், படத்தில் மூன்று கோடுகளே தெரிகின்றன என்பர் (மடிதாள், படம் 2, அம்புக்குறியின் முனை). நால்வர் அதை மறுத்து, நான்காவது சுற்றுப் பிளக் வயரின் பின்னால் மறைந்திருப்பதால் தெரியவில்லை என்பர் (அதே படம், காகிதத்தின் மறுபுறம், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க). ஐவரின் ஆதாரம் டீக்கறை படியாத பிரதியில் மட்டும் உள்ளது (மடிதாள், படம் 2, கறையின் வடகரை). அந்தப் பிரதி எவரிடமும் இல்லை. தொடங்கும் இடத்து அரைச்சுற்றைக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் நால்வரே வடநால்வர், தென்நால்வர் என இரண்டாயினர்.

வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பது அடுத்த பிணக்கு. வலஞ்சுழியார் சங்கையும் பிள்ளையாரின் துதிக்கையையும் சான்று காட்டுவர். மீட்டர் எண்ணுவது பிளக் வயரில் மின்சாரம் பாயும்போதெல்லாம் செவ்வயரில் தூண்டப்படும் துடிப்பைத்தான். எந்தப் பக்கம் சுற்றினாலும் துடிப்பு ஒன்றுதான். சுற்றுக் குறைந்தால் துடிப்பு மெலிந்து எண் தாவும். கூடினால் பக்கத்து இரைச்சலையும் எண்ணிக்கொண்டு எண் இரட்டிக்கும். எண் நிலையாக நிற்கும் சுற்றே சரியான சுற்று.

இக்கருத்தை முதலில் சொன்னவர் உரையாசிரியர் அல்லர். மெக்கானிக் கரித்துணியில் கையைத் துடைப்பார், வயரை இழுத்துச் சுற்றுவார், இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டுவார், ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பார். எத்தனை சுற்று என்று கேட்டால், “நிக்கற வரைக்கும்” என்பார் (வாய்மொழி மரபு, ஏடேறாதது, பாதி இன்ஜின் சத்தத்தில் சிதைந்தது).

6. எர்த்

இரண்டாவது வயர் இருந்தால் அதை இன்ஜின் பாடியில் ஒரு போல்ட்டின் அடியில் இறுக்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும்.

7. இடம்

சைலன்சருக்கு அருகில் வைத்தால் பெட்டி உருகும்.

8. 1பி1ஆர்

ஒரு சுழற்சிக்கு எத்தனை பொறி என்பதை மீட்டருக்குச் சொல்ல வேண்டும். ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் என்றால் சுழற்சிக்கு ஒன்று: 1பி1ஆர். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி போதும் என்று பாடப்புத்தகம் படித்தவர் 1பி2ஆர் வைப்பார். திரை இருமடங்கு காட்டும். ஏனெனில் சிறு இன்ஜின்களில் ஃப்ளைவீல் காந்தம் ஒவ்வொரு சுழற்சியிலும் காயிலைக் கடக்கிறது, ஒவ்வொரு முறையும் பொறி விழுகிறது. அதில் பாதி, புகை வெளியேறும்போது விழுந்து எதையும் எரிக்காமல் போகும் வீண்பொறி. கருத்தரங்குகளில் இந்த விகிதம் இன்னும் கூடுதல்.

9. சரிபார்ப்பு

இரண்டு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர 3000 ஆர்பிஎம்மில் ஓட வேண்டும். மீட்டரை அதன் பிளக் வயரில் சுற்றினால் 3000-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 6000 காட்டினால் 8-ஆம் பகுதிக்குத் திரும்புக. ஓலைச்சுவடியைக் கண்ணால் காணாமலே அதன் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் தள்ளலாம். சுவடி மறுத்துப் பேசாது. இன்ஜின் பேசும்.

10. பயன்

மிஷினின் புத்தகத்தில் கண்ட ஐடிலிங்கும் உச்ச வேகமும் திரையில் வரும்படி கார்பரேட்டர் ஸ்க்ரூக்களைத் திருகுவதே பயன். பெரும்பாலான பெட்டிகள் இன்ஜின் ஓடிய மொத்த மணிநேரத்தையும் சேர்த்து எண்ணும். பிளக் மாற்றவும் ஏர் ஃபில்டர் கழுவவும் அது உதவும். பேட்டரி தீர்ந்தால் திரை வெறுமையாகும். மாற்ற வழியில்லாத பெட்டியானால் செவ்வயரை அவிழ்த்துவிடலாம். எத்தனை சுற்று இருந்தது என்பதை அப்போது எண்ணிப் பார்க்கலாம்.